ஆறு மணிச் சுவர்

பதினெட்டு வருஷமாக ஈஜிபுராவில் ஜெராக்ஸ் கடை நடத்துகிறேன். ஆதார் கார்டு முகம், பாஸ்போர்ட் சைஸ் முகம், கண்ணீர் அஞ்சலி முகம் என்று இந்தப் பேட்டையில் பாதிப் பேரின் மூஞ்சி என் மெஷின் வழியாகத்தான் வெளியே வந்திருக்கிறது. டோரதி கொண்டு வந்த படங்களில் மட்டும் மூஞ்சியே கிடையாது. ஒரு சுவர், அதில் ஒரு விரிசல். பக்கத்தில் ஆணியில் தொங்கும் அடி ஸ்கேல், அதற்குக் கீழே அன்றைய தமிழ்ப் பேப்பரின் முதல் பக்கம். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து நேராகக் கடைக்கு வருவாள். ஏழு படம் போடச் சொல்வாள். ஏழும் ஒரே அச்சாக இருக்கும்.

என்னைவிட ஏழு வயது சின்னவள். அண்ணா என்று கூப்பிடுகிறவள். அதனால் அவள் இவள் என்றுதான் எழுதப் போகிறேன், யாரும் கோபித்துக்கொள்ள வேண்டாம்.

முதல் வாரம் சிரித்தேன். இரண்டாம் வாரம் பொறுக்க முடியாமல் கேட்டுவிட்டேன்.

"ஏம்மா, உங்க வீட்டுச் சுவர நீங்க வீட்ல பாத்துக்கக் கூடாதா? அதுக்கு இன்னாத்துக்கு கலர் பிரிண்ட்டு?"

"வீட்டக் காப்பாத்தறதுக்கு அண்ணா" என்றாள். சொல்லிவிட்டு ஸ்டூலில் உட்கார்ந்தாள். உட்கார்ந்தது கதை சொல்வதற்காக இல்லை, கால் வலிக்காக. கோரமங்களா பக்கம் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் துணிப் பிரிவில் வேலை. வார்டு வார்டாகப் போய் ரத்தமும் மூத்திரமும் பட்ட படுக்கை விரிப்புகளை உருவி, மூட்டையாகக் கட்டி, கீழே லாண்டரிக்குத் தள்ளிக்கொண்டு போக வேண்டும். இருபத்து நான்கு வருஷமாக அதைத்தான் செய்கிறாள். சாயங்காலம் பார்த்தால் கணுக்கால் தெரியாது, செருப்பிலிருந்து நேராக முழங்கால் மாதிரி இருக்கும்.

கதை இதுதான். டோரதியும் அவள் புருஷன் ஃபிராங்க்ளினும் தங்கவயல்காரர்கள். அங்கே தங்கச் சுரங்கம் மூடியபோது ஃபிராங்க்ளினின் அப்பாவுக்கு வந்த பணத்தையும் இவளுடைய சேமிப்பையும் போட்டு ஈஜிபுராவில் இரண்டு அறை கட்டினார்கள். ஃபிராங்க்ளின் கிரேன் ஓட்டிக்கொண்டிருந்தான். இரண்டு வருஷத்துக்கு முன்னால் ஒருநாள் காலையில் வலது பக்கம் இழுத்துக்கொண்டது. அதிலிருந்து கட்டிலும் ஜன்னலும்தான் அவன் உலகம். பக்கத்து மனையில் அடுக்குமாடி கட்ட வந்தவர்கள், வண்டி நிறுத்த அடித்தளம் வேண்டுமென்று இவர்கள் சுவரை ஒட்டி இரண்டு ஆள் ஆழத்துக்குப் பள்ளம் தோண்டினார்கள். தோண்டிய மாதமே ஜன்னல் மூலையிலிருந்து சாய்வாக ஒரு விரிசல் இறங்கியது. சைட் மேனேஜர் கிரண் நல்ல பையன்தான், மரியாதையாகத்தான் பேசுவான். மரியாதையாகவே சொன்னான், "பழைய வீடும்மா, பழைய விரிசல்."

சண்டை முற்றி, கடைசியில் கிருஷ்ணப்பா என்ற ரிட்டயர்டு இன்ஜினியரை இரண்டு தரப்பும் ஒத்துக்கொண்டார்கள். அவர் சொன்னது நியாயமாகத்தான் இருந்தது. மழையில் திறந்து வெயிலில் மூடினால் அது மண்ணின் குணம், யார் மேலும் பழி இல்லை. மூடாமல் விரிந்துகொண்டே போனால் அது பள்ளத்தின் வேலை, பள்ளக்காரன்தான் சுவரை இடித்துக் கட்டித் தர வேண்டும். இதைத் தெரிந்துகொள்ள ஒரு வருஷம் பார்க்க வேண்டும். வாரத்துக்கு ஒரு படம் போதும் என்றுதான் முதலில் சொன்னாராம். கிரண், "அவங்களுக்கு வசதியான நாளாப் பாத்து எடுப்பாங்க சார்" என்றிருக்கிறான். பெரியவருக்கு எரிச்சல் வந்துவிட்டது. "அப்படின்னா தினமும் எடுக்கட்டும். ஒரே நேரம், ஒரே இடம். ஒரு நாள் விட்டாலும் கணக்கில்லை. வருஷம் முடியறப்ப நானே வந்து பாப்பேன். அதுவரைக்கும் சுவர்ல யாரும் கை வைக்கக் கூடாது" என்று சொல்லிவிட்டார்.

பெரியவங்க கோபப்பட்டால் யார் தலையில் விடியும் என்று சொல்லத் தேவையில்லை. ஜனவரி இருபதாம் தேதி காலை ஆறு மணிக்கு ட்யூப்லைட்டைப் போட்டு டோரதி முதல் படத்தை எடுத்தாள்.

தினம் ஒரு படம் என்றால் கேட்கச் சுலபமாக இருக்கிறது. ஃபோனைத் தூக்கினால் ஆச்சு, இதில் என்ன கஷ்டம் என்று நானும் நினைத்தேன். ஒரு வருஷம் ஒருத்தி ஒரு ராத்திரிகூட வேறு வீட்டில் படுக்க முடியாது என்பதுதான் கஷ்டம். ஐந்தே காலுக்கு எழுந்து, மேம்பாலத் தூணுக்கு அடியில் பேப்பர் பிரிக்கிற இடத்துக்குப் போய் ஒன்று வாங்கிவந்து, சுவரில் ஒட்டி, தரையில் சாக்பீஸால் போட்ட கோட்டில் நின்று எடுக்க வேண்டும். அப்புறம் ஃபிராங்க்ளினைக் கழிவறைக்குக் கூட்டிப் போய், குளிப்பாட்டி, சோறாக்கி மூடி வைத்துவிட்டு, ஆறே முக்காலுக்கு ஓட வேண்டும். பண்டிகைக்கு மறுநாள் பேப்பர் வராது. அன்றைக்கு என்ன செய்தாள் தெரியுமா? தேதி அச்சடித்த பால் பாக்கெட்டைக் கழுவி ஒட்டினாள். ஆயுத பூசைக்கு மறுநாள் படத்தில் விரிசலுக்குக் கீழே அரை லிட்டர் பால் பாக்கெட் தொங்குகிறது. எனக்குச் சிரிப்பும் வந்தது, வயிறும் எரிந்தது.

ஜூன் மாதம் மகள் ஸ்னேஹாவுக்குச் சந்தாபுராவில் பிரசவம். முதல் பேரன். எந்தத் தாயும் பத்து நாள் போய் இருப்பாள். டோரதி கடைசி பஸ்ஸில் வந்து, காலையில் படம் எடுத்து, வேலைக்குப் போய், மறுபடி பஸ் ஏறினாள். ஃபிராங்க்ளின் எடுக்கக் கூடாதா என்று நான் கேட்டேன். அவன் ஒருநாள் இடது கையால் எடுத்துப் பார்த்தானாம். சுவர் தண்ணீருக்குள் கிடக்கிற மாதிரி ஆடிப்போய் வந்தது. நல்லவேளை, அன்றைக்கு இவள் வீட்டில் இருந்ததால் உடனே வேறு எடுத்தாள். அதற்கப்புறம் அவனிடம் ஃபோனைக் கொடுக்கவில்லை.

"விடும்மா, வீடு போனா போவுது. பொண்ணு வீட்ல போயி இருங்க" என்று ஆகஸ்ட் மாதம் ஒருநாள் சொன்னேன். காய்ச்சலோடு வந்திருந்தாள். கண் சிவந்து கிடந்தது.

"எனக்கும் ஓஞ்சிதான் போச்சி அண்ணா. ஆனா அவரு பொறந்தது லைன் வீடு. கம்பெனி வீடு. சுரங்கம் மூடினப்போ எப்ப காலி பண்ணச் சொல்லுவாங்களோன்னு தூங்காம கெடந்தாங்க. இது ஒண்ணுதான் எங்க பேர்ல கீது. இதுலருந்தும் அவரத் தூக்கிக்கினு எங்க போவேன்?"

படங்கள் அவள் பக்கம்தான் பேசின. தொடக்கத்தில் அந்த விரிசலில் தீக்குச்சி நுழைந்தது. மே மாத வெயிலில் மூடவில்லை. அக்டோபரில் பென்சில் நுழைந்தது. பச்சை அட்டை போட்ட மூன்று நோட்டில் ஒட்டி வைத்திருந்தாள். நானே ஒருநாள் புரட்டிப் பார்த்து, "ஜெயிச்சிட்டீங்கம்மா" என்று சொன்னேன். இன்னும் ஒரு மாதம் இருந்தது. என் வாயில் சனி இருந்திருக்கிறது.

டிசம்பர் இருபத்தொன்று, ஞாயிறு. கடையில் ஏழு படத்தையும் போட்டேன். நான்கு வழக்கம்போல வந்தன. ஐந்தாவது வெள்ளைத் தாளாக வந்தது. மை தீர்ந்துவிட்டது என்று மெஷினை இரண்டு தட்டு தட்டினேன். ஆறாவதும் வெள்ளை. ஓரத்தில் ஸ்கேலும் பேப்பரும் மட்டும் பளிச்சென்று விழுந்திருந்தன. மெஷினைத் திட்ட ஆரம்பித்தேன்.

"மெஷின் நல்லாத்தான் கீது அண்ணா" என்றாள் டோரதி. "சுவருதான் அப்படி."

பதினெட்டாம் தேதி, முந்நூற்று முப்பத்து மூன்றாம் படத்தை எடுத்துவிட்டு வேலைக்குப் போயிருக்கிறாள். சாயங்காலம் ஐந்து மணிக்கு வந்து கதவைத் திறந்தால் சுண்ணாம்பு வாசனை. சுவர் வெள்ளை வெளேரென்று நிற்கிறது. விரிசல் இல்லை. ஸ்கேலை மட்டும் கழற்றித் துடைத்து, அதே ஆணியில் நேராக மாட்டியிருக்கிறது. ஃபிராங்க்ளின் கட்டிலில் உட்கார்ந்து மூச்சு வாங்கிக்கொண்டிருக்கிறான். இடது கை விரலெல்லாம் சுண்ணாம்பு தின்று கொப்புளம். ஹார்டுவேர் கடைக்கு ஃபோன் போட்டுச் சுண்ணாம்பும் வெள்ளை சிமெண்டும் வரவழைத்து, ஸ்டூலில் சாய்ந்து நின்று, காலையிலிருந்து சாயங்காலம் வரைக்கும் ஒற்றைக் கையால் அடைத்துப் பூசி அடித்திருக்கிறான்.

இதை வெளியூர்க்காரன் கேட்டால் கிறுக்கு என்பான். தங்கவயல்காரனுக்குப் புரியும். அங்கே பூமிக்கு அடியில் பாறை வெடிக்கும். ராக் பர்ஸ்ட் என்பார்கள். மேலே தொழிலாளிகளின் லைன் வீடுகள் குலுங்கி, அலமாரிப் பாத்திரம் விழுந்து, சுவர் கீறிக்கொள்ளும். வருஷம் முழுக்க அந்தக் கீறலோடுதான் வாழ்வார்கள். டிசம்பர் வந்தால் மட்டும் வீட்டு ஆம்பளை சுண்ணாம்பு குழைத்து அத்தனையும் அடைத்து வெள்ளை அடித்துவிட வேண்டும். ஃபிராங்க்ளின் வீட்டில் அதற்கு ஒரு பேச்சு உண்டு. சுவர் வாயைத் திறந்துகொண்டிருக்க கிறிஸ்துமஸ் கொண்டாடினால், அந்த வீட்டிலிருந்து சுரங்கத்தில் இறங்குகிறவன் அடுத்த வருஷம் ஏறிவர மாட்டான்.

"இன்னாத்துக்குங்க இப்படி செஞ்சீங்க?" என்று கேட்டிருக்கிறாள்.

"படந்தான் முந்நூறுக்கு மேல எட்த்துட்டியே, அது போதாதா? பண்டிக வருது. சுவரு வாயத் தொறந்துகினு கீது" என்றானாம். விரல் சுண்ணாம்பைப் போர்வையில் துடைத்தபடி, "எங்கப்பாவா இப்ப எறங்கப் போறாரு? நம்ம வூட்ல எறங்கி ஏர்றது நீதானே" என்றானாம்.

"சுவர்ல கை வெக்கக் கூடாதுன்னு பெரியவரு சைட்ல வெச்சி சொன்னாரு இல்ல அண்ணா, அத நான் இவருகிட்ட சொல்லவே இல்ல" என்று கடையில் என்னிடம் சொல்லும்போதுதான் அழுதாள். "எழுந்து நிக்கவே முடியாது, இவரா கை வெக்கப் போறாருன்னு வுட்டுட்டேன். அவர ஓர் ஆளாவே நான் நெனைக்கல."

எனக்கு அழுகை வரவில்லை, ஆத்திரம்தான் வந்தது. "சொரண்டுங்கம்மா. சிமெண்ட் இறுகறதுக்குள்ள இன்னிக்கே சொரண்டிடுங்க. நான் வேணா ஆள் அனுப்பறேன்" என்று கத்தினேன். ஜெராக்ஸ் எடுக்க வந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

"ரெண்டு மணி நேர வேல அண்ணா. எனக்குத் தெரியாதா? அவரு அந்தக் கட்டில்லயே ஒக்காந்துகினு இருப்பாரே. ரெண்டு வருஷம் கழிச்சி எழுந்து நின்னு எனக்காக ஒரு வேல செஞ்சாரு. அத அவரு கண்ணு முன்னாடி எப்படி சொரண்டுவேன்?"

"அப்போ வீடு?"

"வீடும் வேணும்தான்" என்றாள். ஏழு படத்தையும் வாங்கிக்கொண்டு போனாள். அந்த வெள்ளைப் படங்களையும் நோட்டில் ஒட்டப் போகிறாள் என்று தெரிந்தது. வீம்பு பிடித்தவள் என்று மனசுக்குள் திட்டினேன்.

கிறிஸ்துமஸுக்கு முந்தின நாள் கிரண் கேக் கொடுக்க வந்தானாம். சுவரைப் பார்த்தான். "சரி ஹோய்த்தல்லம்மா, இன்னேனு?" என்றான். சரியாகிவிட்டதே, இன்னும் என்ன என்று. அவன் குத்திக் காட்டவில்லை, உண்மையாகவே சந்தோஷப்பட்டான் என்பதுதான் இவளுக்கு இன்னும் வலித்தது. ஃபிராங்க்ளின் கட்டிலில் இருந்தபடி பெருமையாகச் சிரித்தான். பெரியவர் போட்ட கண்டிஷனை அவனிடம் இன்னும் சொல்லவில்லை அவள்.

மறுநாளிலிருந்தும் ஐந்தே காலுக்கு எழுந்தாள். எதற்கு என்று கேட்டால் அவளுக்கே தெரியாது. பழகின மாடு செக்கைச் சுற்றுகிற மாதிரி, பேப்பர் வாங்கி, ஒட்டி, கோட்டில் நின்று, வெறும் வெள்ளைச் சுவரைப் படம் எடுத்தாள். புது வருஷத்தன்றும் எடுத்தாள்.

ஜனவரி மூன்றாம் தேதி பேப்பரை ஒட்டும்போது ஜன்னல் மூலையில் ஒரு முடி ஒட்டிக்கொண்டிருந்தது. ஊதினாள், போகவில்லை. விரலால் துடைத்தாள், போகவில்லை. கிட்டத்தில் போய்ப் பார்த்தாள். முடி இல்லை, விரிசல். ஒரு வாரத்தில் அது சுண்ணாம்பைக் கிழித்துக்கொண்டு பழைய வழியிலேயே சாய்வாக இறங்கிவிட்டது.

ஃபிராங்க்ளின் பார்த்துவிட்டு முகம் செத்துப் போனான். "கலவ சரியில்ல போல கீது. ஒத்தக் கையில குழைச்சா இப்படித்தான். கொஞ்சம் சிமெண்ட் கொண்டாரச் சொல்லு, மறுபடி அடைக்கிறேன்" என்றானாம். அப்போதுதான் அவன் பக்கத்தில் உட்கார்ந்து, ஒரு வருஷக் கணக்கையும், பெரியவர் சொன்ன கண்டிஷனையும், தான் சொல்லாமல் விட்டதையும் ஒன்று விடாமல் சொல்லியிருக்கிறாள். முழுக்கக் கேட்டுவிட்டு அவன் கேட்டது ஒன்றுதான்.

"அன்னிக்கே ஏன் சொரண்டல?"

அவள் அவன் இடது கையை எடுத்து, கொப்புளம் காய்ந்த இடத்தில் எண்ணெய் தடவினாளாம்.

பத்தொன்பதாம் தேதி, முந்நூற்று அறுபத்தைந்தாவது படத்தை எடுத்த அன்றைக்குக் கிருஷ்ணப்பா வந்தார். கிரணும் வந்தான். அவள் பக்கத்துக்கும் ஓர் ஆள் வேண்டுமே என்று கடையைச் சாத்திவிட்டு நானும் போனேன். உள்ளே நுழைந்து வெள்ளைச் சுவரைப் பார்த்ததும் பெரியவர் முகம் சிவந்தது. கை வைக்கக் கூடாது என்று சொன்னேனா இல்லையா என்று கன்னடத்தில் குதித்தார். டோரதி மூன்றாவது நோட்டை அவர் கையில் கொடுத்தாள்.

அவர் பாதியிலிருந்து புரட்டினார். முந்நூற்று முப்பத்து மூன்று, பென்சில் அகலம். முந்நூற்று முப்பத்து நான்கு, வெள்ளை. தேதியைப் பார்த்தார். அப்புறம் வெள்ளை, வெள்ளை, வெள்ளை. முந்நூற்று நாற்பத்தொன்பதில் நின்றார். கண்ணாடியைக் கழற்றிச் சுவரில் மூக்கு உரசுகிற மாதிரி பார்த்தார். பையிலிருந்து சின்ன அளவுகோல் எடுத்து வைத்தார். கிரணைக் கூப்பிட்டார்.

"பழைய விரிசல்னு சொன்னியே, இந்தப் பூச்சு பழசாப்பா?" என்றார். "பதினஞ்சு நாள்ல புதுப் பூச்சு கிழிஞ்சிருக்கு. சுவர் இப்ப நகருது. இந்த நிமிஷமும் நகருது. இதுக்கு மேல எனக்கு ஒரு படமும் வேணாம்."

கிரண் சுவரைப் பார்த்தான், நோட்டைப் பார்த்தான், தலையை ஆட்டினான்.

பெரியவர் டோரதி பக்கம் திரும்பினார். "நாங்க இன்ஜினியருங்க வேணும்னே இப்படித்தான் பூசி வெச்சிப் பாப்போம். யாரம்மா ஹேளித்து நிமகே? யார் சொல்லிக் கொடுத்தது?"

டோரதி கட்டிலைக் காட்டினாள். "அவருதான் சார் செஞ்சாரு."

எல்லாரும் ஃபிராங்க்ளினைப் பார்த்தோம். சுரங்கத்துக்காரர் மகன், ஏதோ தொழில் ரகசியம் சொல்லப் போகிறான் என்று நானே நினைத்தேன். அவனுக்குப் பொய் வரவில்லை. "கிறிஸ்துமஸ் வந்துச்சி சார்" என்றான்.

ஜெயித்தால் சந்தோஷம் வரும் என்று யார் சொன்னது? வீடு நகர்கிறது என்று நிரூபித்துவிட்டால், நகர்கிற வீட்டில் யாரும் இருக்க முடியாது. மறுநாளே சுவருக்கு முட்டு கொடுத்தார்கள். அந்த வாரமே இரண்டு தெரு தள்ளி ஒரு வாடகை அறைக்குச் சாமானை மாற்றினார்கள். மூட்டை கட்டுகிற வேலை டோரதிக்குப் புதிதா என்ன. மாமனார் படத்தையும் மாதா சொரூபத்தையும் அவளே தலையில் வைத்துக்கொண்டு நடந்தாள். பிப்ரவரியில் ஒருநாள், அவள் டியூட்டியில் இருந்தபோது, சுவரை இடித்துத் தள்ளினார்கள். ஈஸ்டருக்குள் புதுச் சுவர் எழுப்பித் தந்துவிடுவதாகக் கிரண் சொல்லியிருக்கிறான், தருவான் என்றுதான் நினைக்கிறேன்.

இடித்த வாரம், ஞாயிற்றுக்கிழமை, பழக்கம்போல டோரதி கடைக்கு வந்தாள். ஏழு படம் இல்லை, ஒன்றே ஒன்று. ஃபோனை நீட்டினாள்.

"இது ஒண்ணு பெருசா வேணும் அண்ணா. ஃபிரேம் போட்றா மாதிரி."

பார்த்தேன். முந்நூற்று முப்பத்து நான்கு. ஸ்கேல், பேப்பர், மற்றதெல்லாம் வெள்ளை.

"இதுல ஒண்ணுமே இல்லியேம்மா" என்றேன்.

"நல்லாப் பாருங்க அண்ணா."

ஸ்கிரீனில் பெரிதாக்கிப் பார்த்தேன். வெள்ளை முழுக்கக் கோணல் மாணலாகப் பிரஷ் இழுப்பு. எல்லாம் இடமிருந்து மேலே ஏறி, தோள் உயரம் வந்ததும் நின்று, மறுபடி கீழே இருந்து தொடங்கியிருந்தது. அதற்கு மேலே ஸ்டூலை நகர்த்தி நகர்த்திச் சாய்ந்து நின்று, கையை எக்கி அடித்திருக்கிறான். ஒரு இடத்தில் தடுமாறிச் சுவரைப் பிடித்திருப்பான் போல, ஐந்து விரல் அப்படியே பதிந்திருந்தது. அதன் மேலேயே இன்னொரு கோட் அடித்து மறைக்கப் பார்த்திருக்கிறான்.

நான் பெரிய தாளை மெஷினில் வைத்தேன். அது வெள்ளையாக, மெதுவாக, வெளியே வந்தது. இந்த முறை நான் மெஷினைத் தட்டவில்லை.